மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் அளந்த சதவீதம்

சித்தப்பா அன்றைக்கு விடியற்காலை நாலரைக்கே எழுந்துவிட்டார். குலசேகரம் பக்கம் முப்பத்தைந்து வருடம் ரப்பர் பால் வெட்டப் போனவர் என்பதால் அந்த நேரம் உடம்பில் பதிந்துபோயிருந்தது. பெரிய மகன் முகம் சவரம் செய்துவிட, சித்தி வெள்ளைச் சட்டையின் பொத்தான்களைப் போட்டுவிட, ஏழு மணிக்கெல்லாம் வாசல் திண்ணையில் தயாராக உட்கார்ந்திருந்தார். "நாலு டாக்டருங்க இருக்க எடம் மக்கா, நல்லபடியா போணும்" என்றார். நடுக்குவாதத்துக்கான ஒன்பது மணி மாத்திரையை நேரம் தவறாமல் போட்டுக்கொண்டார். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான முகாமில் பத்து மணிக்குப் பெயர் கூப்பிட்டார்கள். எழுந்தார், மேசை வரை நடந்தார். கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினார். மருத்துவரின் விரலைப் பிடித்து இழுக்கச் சொன்னார்கள். நாற்பது கிலோ பால் வாளி தூக்கிய கை, நன்றாகவே இழுத்தது. எட்டு நிமிடத்தில் பரிசோதனை முடிந்தது.

மதியம் ஒன்றரை மணிக்கு அதே மனிதரை ஆட்டோவில் ஏற்ற எனக்கும் டிரைவருக்கும் கால் மணி நேரம் ஆனது. ஆட்டோப் படிக்கு முன்னால் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. முகத்தில் அசைவே இல்லை, குரல் வெளியே வரவில்லை. சான்றிதழில் வந்தது 30 சதவீதம். உதவித்தொகைக்குக் குறைந்தது 40 வேண்டும்.

அந்த மருத்துவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பார்த்ததைச் சரியாகத்தான் அளந்தார். ஆனால் அவர் பார்த்தது பத்து மணியை. நாள் நாளாகக் கரைத்துக்கொண்டு போகும் நரம்பு நோய்களுக்கு உதவித்தொகை கேட்டு வருகிறவர்களின் சிக்கல் எல்லாம் இந்த ஒரு முடிச்சில்தான் இருக்கிறது. சட்டமும் படிவமும் ஒரு வேளையை அளக்கின்றன, நோய் வாழ்வது நாளிலும் வருடத்திலும். இது எப்படி நேர்கிறது, நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு குடும்பம் இதற்கு எப்படித் தயாராகலாம் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பார்க்கலாம். நடுக்குவாதம் என்று நம் ஊரில் சொல்கிற பார்க்கின்சன் நோயை 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் விவரித்து எழுதினார். மூளையின் நடுப்பகுதியில், அசைவை ஒழுங்குபடுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. வெளியே நடுக்கம் தெரியும் நேரத்தில் அவற்றில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். லெவோடோபா மாத்திரை மூளைக்குள் போய் டோபமைனாக மாறி அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. ஆரம்ப வருடங்களில் ஒரு மாத்திரை நாள் முழுக்கத் தாங்குவதுபோல் இருக்கும். பிறகு மூன்று மணி நேரம், இரண்டரை மணி நேரம் என்று அதன் ஆட்சி சுருங்கும். மாத்திரை பிடித்திருக்கும் நேரத்தில் மனிதர் நடப்பார், பேசுவார், காபியை ஆற்றிக் குடிப்பார். அது இறங்கியதும் படுக்கையில் புரண்டு படுக்க ஆள் வேண்டும். ஒரே நாளில், ஒரே உடம்பில், இரண்டு மனிதர்கள். இவர்களில் யார் முகாமுக்கு வருகிறார் என்பதை மாத்திரை போட்ட நேரம் தீர்மானிக்கிறது.

இந்த நோயில் தசை பலம் போவதில்லை என்பது இன்னொரு விஷயம். வேகமும் நுணுக்கமும்தான் போகின்றன. ரப்பர் மரத்தில் ஒரு வெட்டுக்குச் சீவ வேண்டிய பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதற்கு மேல் கத்தி இறங்கி உள்ளே இருக்கும் வளர்படலத்தில் பட்டால் மரத்தில் காயம் விழும், பிறகு அந்த இடம் முண்டு முண்டாக வளரும், மறுபடி அங்கே வெட்ட முடியாது. சித்தப்பாவின் நோயை முதலில் கண்டுபிடித்தது எந்த மருத்துவரும் இல்லை, தோட்டக்காரர்தான். "என்னவே, மரத்தக் கொல்லுதீரு?" என்று அவர் கேட்ட பிறகுதான் கையைப் பார்த்தோம். வேலை போய் ஒன்பது வருடம் ஆகிறது. விரலைப் பிடித்து இழுக்கும் பலம் இன்றும் இருக்கிறது. தோவாளையில் பூக் கட்டும் பெண்ணுக்கோ குளச்சலில் வலை பின்னுகிறவருக்கோ இந்த நோய் வந்தாலும் இதே கதைதான்.

தண்டுவட மரப்பு நோய் என்று அரசு ஆவணங்கள் சொல்லும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வேறு மாதிரி. நரம்புகளைச் சுற்றியுள்ள மயலின் உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரிக்கிறது. பலருக்கு அது அலை அலையாக வரும். ஒரு மாதம் கால் விழும், பிறகு பெருமளவு தேறும், அடுத்த முறை கண் மங்கும். உடல் வெப்பம் கூடினால் அறிகுறிகளும் கூடும். சித்திரை மாத வெயிலில் நாகர்கோவிலில் ஒரு தகரக் கூரைக்கடியில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றால் இவர்கள் துவண்டுபோவார்கள். குளிரூட்டிய அறைக்குள் போய் உட்கார்ந்தால் தெளிந்துவிடுவார்கள். தசைச்சிதைவு நோயில், குறிப்பாகச் சிறுவர்களுக்கு வரும் டூஷேன் வகையில், போன பலம் திரும்பவே திரும்பாது. தசைகளை அசைக்கும் நரம்பணுக்கள் சாகும் இயக்க நரம்பணு நோயோ எல்லாவற்றையும்விட வேகமானது. கண்டுபிடித்து இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் பலரைக் கொண்டுபோய்விடுகிறது.

இனி சட்டம். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது. தசைச்சிதைவு நோய் உடல் இயக்கக் குறைபாட்டின் கீழ் வந்தது. ‘நாட்பட்ட நரம்பியல் பாதிப்புகள்’ என்ற புதுத் தலைப்பில் இரண்டு நோய்களின் பெயர் எழுதப்பட்டது: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன். அந்தப் பெயர்களோடு ‘போன்ற’ என்ற பொருளில் ஒரு சொல்லும் இருக்கிறது. என் பார்வையில் அந்தப் பட்டியலிலேயே மதிப்பு மிக்க சொல் அதுதான். இயக்க நரம்பணு நோய், கை கால் தன்னிச்சையாக ஆடும் ஹன்டிங்டன் நோய், சிறுமூளை தேய்ந்து நடை தள்ளாடும் அட்டாக்சியா எல்லாம் பெயர் சொல்லி எழுதப்படவில்லை. ‘போன்ற’ என்பதைத் திறந்த கதவாகப் படிக்கும் மருத்துவர் அவர்களை உள்ளே விடுவார். மூடிய பட்டியலாகப் படிப்பவர், தசை பலவீனம் என்று உடல் இயக்கக் குறைபாட்டில் தள்ளுவார். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவுக்கான விதியிலோ பார்க்கின்சனோடு இயக்க நரம்பணு நோயும் அட்டாக்சியாவும் மறதி நோயும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருந்தன. வரிச் சலுகை கொடுக்கும்போது தெரிந்த நோய்கள் உதவித்தொகைக்கான பட்டியலில் ஏன் ‘போன்ற’வுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும்?

தலைப்பு மாறினால் என்ன, சதவீதம்தானே முக்கியம் என்று தோன்றலாம். பணத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். தமிழக மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. கை கால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்ற பிரிவில் அதைப் பெற 75 சதவீதம் வேண்டும். பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய், தசைச்சிதைவு நோய் என்று சான்றிதழில் இருந்தால் 40 போதும். ஆகவே 55 சதவீதப் பார்க்கின்சன் நோயாளிக்கு வெறும் ‘உடல் இயக்கக் குறைபாடு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அதே 55 ஒரு வாசலில் செல்லாது, இன்னொரு வாசலில் செல்லும். வருவாய்த்துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் தனி. அது 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாய். 40 சதவீதத்தோடு வறுமை நிலையும் பார்ப்பார்கள், மனு தாலுகாவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 80 சதவீதமும் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பதும் வேண்டும். அந்தப் பணம் மாதம் 300 ரூபாய். சான்றிதழ் கையில் வந்ததும் சதவீதத்தை மட்டும் பார்க்காமல் நோயின் பெயர் எழுதியிருக்கிறதா, எந்தத் தலைப்பில் எழுதியிருக்கிறது என்று அங்கேயே நின்று படியுங்கள். மேசையை விட்டு எழுந்த பிறகு திருத்துவதற்கு அலையும் அலைச்சல் எனக்குத் தெரியும்.

சதவீதம் எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குடும்பங்கள் அது டாக்டர் மனசுப்படி போடுவது என்றே நினைக்கின்றன. அப்படி இல்லை. மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்டு 2024 மார்ச்சில் திருத்திய மதிப்பீட்டு வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. உடல் இயக்கக் குறைபாட்டை அளக்கும்போது மூட்டு எவ்வளவு வளைகிறது, தசைக்கு 0 முதல் 5 வரை எந்தத் தரம், அசைவுகள் ஒன்றோடொன்று இசைகின்றனவா என்று பார்க்கிறார்கள். இரண்டு எண்கள் கிடைத்தால் நேராகக் கூட்டுவதில்லை. பெரிய எண்ணோடு, சின்ன எண்ணில் ஒரு பங்கை மட்டும்தான் சேர்ப்பார்கள். 90-இல் பெரிய எண்ணைக் கழித்து, மிச்சத்தைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்தால் அந்தப் பங்கு வரும். ஒரு பாதிப்பு 36, இன்னொன்று 27 என்றால் மொத்தம் 63 ஆகாது, 52-தான் ஆகும். ‘கைக்கு இவ்வளவு, காலுக்கு இவ்வளவு, மொத்தம் குறைச்சிட்டானுவ’ என்று முகாம் வாசலில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்தக் கணக்கு தெரியாததால் வருவது.

இந்த வழிகாட்டுதலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. கையின் இசைவான அசைவுகளை அளக்க அதில் பத்துக் காரியங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 9 சதவீதம். மூக்கு நுனியைத் தொடுவது, கையால் பிசைந்து சாப்பிடுவது, தலை சீவுவது, ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது, கால் கழுவிச் சுத்தம் செய்வது, எழுதுவது, சட்டைப் பொத்தான் போடுவது. எழுதியவர் நம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. பார்க்கின்சன் நோயாளியை இந்தப் பத்தில் நிறுத்தினால் உண்மை வெளியே வந்துவிடும். ஆனால் ஒரு முகாமில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது எந்த மருத்துவர் ஒருவரைச் சோறு பிசையச் சொல்லப் போகிறார்? விரலைப் பிடித்து இழுப்பதற்கு ஐந்து நொடி போதும். பொத்தான் போடுவதைப் பார்க்க மூன்று நிமிடம் வேண்டும். சித்தப்பாவோ பொத்தான் போட்டபடியேதான் போய் நின்றார்.

மனநலக் குறைபாட்டுக்கு ஐடியாஸ் என்ற அளவுகோல் இருக்கிறது. இந்திய மனநல மருத்துவர்கள் உருவாக்கியது. மறதி நோய்க்காரர்களையும் அதில்தான் அளக்கிறார்கள். தன்னைத் தானே கவனித்தல், பிறரோடு பழகுதல், பேசுதலும் புரிதலும், வேலை என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 மதிப்பெண். ஐந்தாவதாக ஒன்று கேட்கிறார்கள்: எவ்வளவு காலம் நோய் இவரைப் பிடித்திருந்தது? குறைந்த காலம் என்றால் 1, நீண்ட காலம் என்றால் 4 வரை. மொத்தம் 20-இல் 7 வந்தால் 40 சதவீதத்தைத் தொடும். நோயாளியை மட்டுமல்ல, கூட இருந்து பார்த்துக்கொள்கிறவரையும் கேட்டுத்தான் மதிப்பெண் போடுவார்கள். அந்த அளவுகோல் காலத்தைக் கணக்கில் எடுக்கிறது, வீட்டாரின் சொல்லையும் சாட்சியாக எடுக்கிறது. நரம்பு தேயும் நோய்க்காரர்களுக்கும் இதே இரண்டு கேள்விகளை வைத்தால் என்ன? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இவரால் எழுந்து நடக்க முடிகிறது? பார்த்துக்கொள்கிறவர் எத்தனை முறை கை கொடுக்கிறார்? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். அடுத்த மேசையில் இருப்பதை எடுத்து இங்கே வைத்தால் போதும். 2024 அக்டோபரில் மருத்துவப் படிப்புச் சேர்க்கை தொடர்பான வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்தத் திசையில்தான்: சதவீத எண்ணை மட்டும் வைத்து ஒருவரை முடிவு செய்யக் கூடாது, அவரால் என்ன இயலும் என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, என்னை மிகவும் வருத்தும் விஷயம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்துக்கான 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைபாட்டின் அளவு காலப்போக்கில் மாற வாய்ப்பில்லை என்றால் நிரந்தரச் சான்றிதழ். மாற வாய்ப்பு உண்டென்றால் இத்தனை வருடம் செல்லும் என்று தேதி போட்ட சான்றிதழ். விபத்தில் காலிழந்தவருக்குச் சிக்கல் இல்லை. சிகிச்சையில் தேறக்கூடியவருக்கு மறு பரிசோதனை நியாயம். ஆனால் தசைச்சிதைவு நோயுள்ள பையனுக்கு ‘மாறும்’ என்பதன் அர்த்தம் என்ன? மோசமாகும் என்பது மட்டும்தான். அவனுக்கும் மூன்று வருடம், ஐந்து வருடம் என்று தேதி போடுகிறார்கள். எட்டு வயதில் நடந்து வந்து சான்றிதழ் வாங்கியவன், பதின்மூன்று வயதில் அதைப் புதுப்பிக்கச் சக்கர நாற்காலியோடு வேன் வாடகைக்குப் பிடித்து வர வேண்டும். பேச்சிப்பாறைப் பக்கத்து மலைக் குடியிருப்பிலிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். தேதி முடிந்த மாதத்தில் பணம் நின்றுபோனால் அந்தத் தாய் யாரிடம் போய் நிற்பாள்? கீழ்நோக்கி மட்டுமே போகும் நோய் என்று நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்தால், தொகை நிரந்தரமாகவும் சதவீதத்தை உயர்த்தக் கேட்கும் உரிமை நோயாளி கையிலும் இருப்பதுதான் நியாயம். மறு அளவீடு அவர் கேட்டால் நடக்கட்டும்.

இயக்க நரம்பணு நோய்க்காரர்களுக்கு நேரம் இன்னும் கொடுமை. சான்றிதழ் வழங்க 2017 விதிகள் வைத்த ஒரு மாதக் கெடு, 2024 அக்டோபர் திருத்தத்தில் மூன்று மாதமாகிவிட்டது. மனு போட்ட அன்று தம்ளர் பிடித்தவர், அட்டை வருவதற்குள் தம்ளரைக் கீழே போட்டிருப்பார்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு தனிச் சூழல் உண்டு. விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்தவர்கள் பலருக்கு நரம்பு வைத்தியம் என்றால் திருவனந்தபுரம்தான். கேரள எல்லையான களியக்காவிளை தாண்டினால் கைக்கெட்டும் தூரம். ஸ்ரீ சித்திரா மாதிரி நரம்பியலுக்கென்றே பேர் வாங்கிய நிறுவனம் அங்கே இருக்கிறது. அதனால் நோயைப் பத்து வருடமாகப் பார்த்த மருத்துவர் ஒரு மாநிலத்தில், சதவீதம் போடும் மருத்துவர் இன்னொரு மாநிலத்தில். நான் போன முகாமில் எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மனநலம் என்று மேசைகள் இருந்தன. நரம்பியல் மேசை இல்லை, எலும்பு மருத்துவர்தான் பார்த்தார். அப்படியானால் பத்து வருட வரலாற்றை அந்த மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை குடும்பத்தின் தலையில் விழுகிறது. சொந்த மாவட்டத்தில் மட்டுமல்ல, அந்தக் குறைபாட்டுக்காகச் சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலும் சான்றிதழுக்கு மனு செய்யலாம் என்று விதியில் இருக்கிறது. இதைப் பலர் அறியவில்லை.

கையில் என்ன கொண்டுபோக வேண்டும் என்றால், முதலில் டிஸ்சார்ஜ் சம்மரிகளும் ஸ்கேன் முடிவுகளும் தேதி வரிசையில். பிறகு, பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம்: நோயின் பெயர், எந்த வருடம் தொடங்கியது, இது தேறாது, கூடிக்கொண்டே போகும் என்ற வரி, மாத்திரை எத்தனை மணிக்கு, அது எத்தனை மணி நேரம் பிடிக்கிறது. மாத்திரை இறங்கிய நேரத்தில் போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ. முகாமன்று மாத்திரையை நிறுத்திவிட்டுக் கூட்டிப்போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. திடீரென்று லெவோடோபாவை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்குப் பதில், கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார் என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த வேளை நெருங்கும் நேரத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நல்ல நாளைப் பற்றிப் பெருமையாகப் பேசுவது நம் பெரியவர்களின் பழக்கம். "சாப்பிடுவியளா?" என்று கேட்டால் "நல்லா சாப்பிடுவேன்" என்பார்கள். யார் ஊட்டிவிடுகிறார்கள் என்று சொல்ல மாட்டார்கள். அதைச் சொல்ல வீட்டுப் பெண் கூட இருக்க வேண்டும்.

சதவீதத்தில் ஒப்புதல் இல்லை என்றால், சட்டத்தின் 59-ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி வைத்திருக்கிறது. மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பதும் விதி. எழுத்தில் கேளுங்கள்.

சித்திக்கு நாங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தோம். ஒரு மாதம் எழுதினாள். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து நடந்து போவதுபோல் இருக்கும். ‘காலை 6 கட்டிலில் இருந்து தூக்கி விட்டது. 9 மாத்திரை. 10 நடந்தார். 12 வாசல் படியில் நின்று விட்டார். ராத்திரி 2 முறை திருப்பிப் படுக்க வைத்தது.’ முப்பது நாளும் இப்படித்தான்.

ஆறு மாதம் கழித்து மேல்முறையீட்டில் பார்த்த மருத்துவர் அந்த நோட்டை நாலைந்து பக்கம் புரட்டினார். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, சட்டையின் மேல் இரண்டு பொத்தானைக் கழற்றித் திரும்பப் போடச் சொன்னார். மணி பன்னிரண்டாகப் போகிறது. கழற்றியது ஒன்று. அதைத் திரும்பப் போட விரல் துளையைத் தேடிக்கொண்டே இருந்தது. அறையில் யாரும் பேசவில்லை. சித்தியின் கை தானாக நீண்டது.

"நீங்க போட்டுவிடாதீங்கம்மா" என்றார் மருத்துவர். "அவரே போடட்டும், நான் பாக்கணும்."

சான்றிதழ் 54 சதவீதத்துக்கு வந்தது. வகை, நாட்பட்ட நரம்பியல் பாதிப்பு, பார்க்கின்சன் நோய். செல்லுபடிக் காலம் ஐந்து ஆண்டுகள்.